நேபாளத்து ரீஃபைண்ட் சோயா எண்ணெய்: வாங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சமையல் எண்ணெய் கொள்முதல் வேலையில் இருப்பவன் நான். 2024 செப்டம்பரில் இந்தியா இறக்குமதி வரியை உயர்த்தியதிலிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: "நேபாளத்தில் ரீஃபைண்ட் சோயா எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதாமே, எடுக்கலாமா?" கேட்பவர்களில் சிலர் பீகார், உத்தரப் பிரதேசம் பக்கம் நம்கீன், பிஸ்கட் தயாரிப்பாளர்களுக்குச் சரக்கு பிடித்துக் கொடுப்பவர்கள். மற்றவர்கள் நம் ஊர் மொத்த வியாபாரிகள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

எடுக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எண்ணெயைப் பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பார்க்க வேண்டிய சரக்கு இது.

நேபாளத்தில் அவ்வளவு சோயா விளைகிறதா?

இல்லை. அங்கே சோயாவை 'பட்மாஸ்' என்பார்கள். வறுத்து, வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய் போட்டுப் பிசறி நொறுக்குத் தீனியாகச் சாப்பிடுவார்கள். எண்ணெய் ஆலைகளுக்குப் போதுகிற அளவு விளைச்சல் கிடையாது.

கச்சா சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசில், உக்ரைன் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் கொல்கத்தா, ஹால்தியா துறைமுகங்களுக்கு வருகிறது. அங்கிருந்து பீகார் எல்லையில் உள்ள ரக்சௌல் வழியாக நேபாளத்தின் பீர்கஞ்சுக்கும், ஜோக்பானி வழியாக பிராட்நகருக்கும் போகிறது. இந்த இரண்டு ஊர்களைச் சுற்றித்தான் ஆலைகள். பசை நீக்கி, அமிலம் நீக்கி, நிறம் வெளுத்து, கடைசியில் 230 முதல் 260 டிகிரி வரை சூடாக்கி வாடையை எடுக்கிறார்கள். பிறகு போன வழியே எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்துவிடுகிறது.

அளவு சின்னதில்லை. 2024-25 நிதியாண்டில் நேபாளத்தின் மொத்த ஏற்றுமதி சுமார் 277 பில்லியன் நேபாள ரூபாய். அதில் 100 பில்லியனுக்கு மேல் சோயா எண்ணெய் மட்டுமே. 1.60 நேபாள ரூபாய்க்கு ஒரு இந்திய ரூபாய் என்று 1993 முதல் நிலையாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 6,250 கோடி இந்திய ரூபாயைத் தாண்டுகிறது. எண்ணெய்க்கென்று சோயா விளைவிக்காத ஒரு நாட்டின் முதல் ஏற்றுமதிப் பொருள் சோயா எண்ணெய். மற்ற எல்லாக் கேள்விகளும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

அப்படியென்றால் மலிவு எங்கிருந்து வருகிறது?

வரியிலிருந்து. 2024 செப்டம்பர் 14 முதல் இந்தியா கச்சா சோயா எண்ணெய்க்கு அடிப்படைச் சுங்க வரியை பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாகவும், ரீஃபைண்ட் எண்ணெய்க்கு 12.5இலிருந்து 32.5 சதவீதமாகவும் உயர்த்தியது. செஸ் எல்லாம் சேர்த்தால் கச்சாவுக்கு 27.5, ரீஃபைண்டுக்கு 35.75. பிறகு 2025 மே 31 முதல் கச்சா எண்ணெயின் அடிப்படை வரியை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். மொத்தம் 16.5 ஆனது. ரீஃபைண்டைத் தொடவில்லை, அது 35.75லேயே நின்றது.

நேபாளத்துக்கு இந்த வரி கிடையாது. சாஃப்டா என்கிற தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 2006 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் கீழ் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு இந்தியா தனிச் சலுகை தருகிறது. சலுகை கிடையாது என்று ஒதுக்கி வைத்த பொருட்களின் பட்டியலை 2011 நவம்பரில் அந்த நாடுகளுக்கு மட்டும் வெறும் 25 பொருட்களாகச் சுருக்கியது. சமையல் எண்ணெய் அதில் இல்லை. அதனால் நேபாளத்து ரீஃபைண்ட் சோயா எண்ணெய்க்குச் சுங்க வரி பூஜ்யம். 5 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் உண்டு, அதை நீங்கள் கிரெடிட் எடுத்து, விற்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம்.

வரி விகிதம் எந்த இரவில் வேண்டுமானாலும் மாறும். ஆர்டர் போடும் அன்று காலையில், சுங்க வேலையைப் பார்க்கும் உங்கள் கிளியரிங் ஏஜென்டிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சரி, 35.75 சதவீதமும் எனக்கு மிச்சமா?

பலரும் தடுக்கி விழும் இடம் இது. உங்கள் நேபாள எண்ணெய்க்குச் சந்தையில் போட்டி, வரி கட்டி வந்த வெளிநாட்டு ரீஃபைண்ட் எண்ணெய் கிடையாது. அப்படி யாரும் அதிகம் கொண்டு வருவதில்லை. போட்டி, கச்சா எண்ணெயை 16.5 சதவீதம் வரி கட்டி இறக்கி இங்கேயே சுத்திகரிக்கும் இந்திய ஆலைதான். சந்தை விலையை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். ஆக, உண்மையான இடைவெளி 16.5 சதவீதத்தை ஒட்டியது.

அதிலிருந்தும் கழிக்க வேண்டியவை இருக்கின்றன. கச்சா எண்ணெய் கொல்கத்தாவிலிருந்து ரக்சௌல் வரை சுமார் 700 கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் ஏறி வந்திருக்கிறது. அந்த வாடகை, நேபாளத்தில் கட்டிய வரி, ஆலைக்காரரின் லாபம், எல்லையில் லாரி நிற்கும் நாட்களுக்கான செலவு எல்லாம் போக மீதி இருப்பதை விற்பவரும் நீங்களும் பங்கு போடுகிறீர்கள். விற்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். கிலோவுக்கு ஐந்து பத்து ரூபாய் குறைவு என்றால் நம்பலாம். முப்பது ரூபாய் குறைவு என்று யாராவது சொன்னால், அதில் ஏதோ ஒன்று எண்ணெயாக இருக்காது, அல்லது ஏதோ ஒரு காகிதம் சரியாக இருக்காது.

விலையை எதை வைத்துப் பேசுவது?

மத்தியப் பிரதேசத்து இந்தூர் சந்தை ரேட்டை வைத்துப் பேசுங்கள். ரீஃபைண்ட் சோயா எண்ணெய்க்கு நாட்டுக்கே திசைகாட்டி அதுதான். அதோடு சிகாகோ சந்தையையும், கச்சா எண்ணெய்க்கு இந்திய அரசு பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறிவிக்கும் சுங்க மதிப்பையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த அறிவிப்புப் பட்டியலில் ரீஃபைண்ட் சோயா எண்ணெய் இல்லை, கச்சா மட்டும்தான். ஆகவே உங்கள் பில்லில் உள்ள விலையே மதிப்பாக எடுத்துக்கொள்ளப்படும். அதற்கான ஆதாரம் கையில் இருக்கட்டும்.

முன்பேர வர்த்தகத்தில் விலையைப் பூட்டி வைக்கிற வசதியும் நமக்கு இல்லாமல் போயிற்று. சோயா, சோயா எண்ணெய் உள்ளிட்ட சில பொருட்களின் முன்பேர வர்த்தகத்தை 2021 டிசம்பரில் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி நிறுத்தியது, பிறகு தடையைப் பலமுறை நீட்டித்தது. அதனால் ஒப்பந்தம் போட்ட நாளுக்கும் சரக்கு இறங்கும் நாளுக்கும் இடையில் விலை விழுந்தால் நஷ்டம் முழுக்க உங்கள் தலையில். நாட்களைக் குறைவாக வையுங்கள்.

30 சதவீத மதிப்புக் கூட்டல் என்கிறார்களே, அது என்ன?

சாஃப்டா சலுகை நேபாளத்தில் 'பிறந்த' பொருளுக்குத்தான். அர்ஜென்டினா எண்ணெயை பீப்பாய் மாற்றி அனுப்பினால் கிடைக்காது. வெளிநாட்டு மூலப்பொருளை வாங்கி அங்கே பொருள் செய்தால், ஏற்றுமதி விலையில் குறைந்தது 30 சதவீதம் அங்கே கூடிய மதிப்பாக இருக்க வேண்டும். அதாவது வெளிநாட்டுக் கச்சா எண்ணெயின் மதிப்பு 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கச்சா எண்ணெய் டன் 1,100 டாலர், டாலர் 86 ரூபாய் என்று வைத்தால் கிலோ சுமார் 95 ரூபாய். இது 70 சதவீதத்துக்குள் அடங்க வேண்டுமானால் ரீஃபைண்ட் எண்ணெய் ஆலை வாசலில் கிலோ 135 ரூபாய்க்கு மேல் போக வேண்டும். சுத்திகரிப்பு என்பது மெல்லிய லாபத்தில் ஓடும் தொழில். 95 ரூபாய் சரக்கில் 40 ரூபாய் கூடுவது எளிதான காரியம் இல்லை. இந்தியச் சந்தை விலை உயர்ந்து நிற்கும்போது ஏற்றுமதி விலையும் உயரும், அப்போது கணக்கு நெருங்கி வரும். விலை சரிந்தால் இடிக்கும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. ஒப்பந்தத்தின் பொது விதி, மூலப்பொருளின் நான்கிலக்கச் சுங்கத் தலைப்பிலிருந்து செய்த பொருளின் தலைப்பு மாற வேண்டும் என்கிறது. கச்சா சோயா எண்ணெயும் ரீஃபைண்டும் ஒரே தலைப்பில்தான் இருக்கின்றன: 1507. உட்பிரிவு மட்டும்தான் வேறு. அதனால், பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழில் எந்த விதியின் கீழ் சலுகை கேட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ்கூட அனுப்பாதீர்கள். அதிகாரி முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.

நேபாள ஆலைகள் எல்லாம் விதியை மீறுகின்றன என்று நான் சொல்லவில்லை. மும்பையில் உள்ள இந்திய எண்ணெய் ஆலைகளின் சங்கமான சால்வென்ட் எக்ஸ்ட்ராக்டர்ஸ் அசோசியேஷன் அப்படித்தான் அரசுக்குத் திரும்பத் திரும்ப எழுதுகிறது. நேபாள ஆலைகள் தங்கள் சான்றிதழ்கள் சட்டப்படியானவை என்கின்றன. வாங்குபவராக நீங்கள் கவலைப்பட வேண்டியது, உங்கள் லோடுக்கான கணக்கு நிற்குமா என்பது ஒன்றுதான்.

பிறப்பிடச் சான்றிதழை விற்பவர்தானே தருகிறார்? தப்பு இருந்தால் அவர் பொறுப்பு இல்லையா?

பழைய நினைப்பு அது. 2020இல் சுங்கச் சட்டத்தில் 28டி.ஏ. என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதையொட்டி கரோடார் என்று சுருக்கிச் சொல்லப்படும் விதிகள் 2020 செப்டம்பர் 21 முதல் நடப்புக்கு வந்தன. இவற்றின்படி சான்றிதழைக் காட்டிவிட்டுக் கைகட்டி நிற்க முடியாது. பொருள் எப்படித் தயாரானது, மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, மதிப்புக் கூட்டல் எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விவரம் இறக்குமதியாளர் கையில் இருக்க வேண்டும். அதற்குப் 'படிவம் 1' என்று ஒன்று இருக்கிறது. அதிகாரி கேட்டால் பத்து வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். காகிதங்களை ஐந்து ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் அதிகாரி நேபாளத்துக்கு எழுதிச் சரிபார்க்கலாம். அதுவரை சலுகையை நிறுத்தி வைத்து, வித்தியாச வரிக்கு ஈடாகப் பிணை கேட்பார்.

ரூபாயில் பார்த்தால்தான் உறைக்கும். 25 டன் டேங்கர், கிலோ 135 ரூபாய் என்றால் சரக்கு 33.75 லட்சம். சலுகை நிராகரிக்கப்பட்டால் 35.75 சதவீதம், அதாவது சுமார் 12.07 லட்சம், கட்ட வேண்டியவர் நீங்கள். அபராதமும் வட்டியும் தனி. ஒரு லோடில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்தால் 1.25 லட்சம். ஒரு லோடு மாட்டினால் கிட்டத்தட்ட பத்து லோடின் லாபம் போயிற்று. எண்ணெயோடு சேர்த்து அந்தச் சான்றிதழையும் நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

விற்பவரிடம் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

கச்சா எண்ணெய் இறக்கிய காகிதம்: எந்தக் கப்பல், எந்த நாடு, என்ன விலை. நேபாளச் சுங்கத்தில் வரி கட்டிய ரசீது. அந்தக் கச்சா எந்தப் பேட்சாகச் சுத்திகரிக்கப்பட்டது என்ற ஆலைப் பதிவு. மதிப்புக் கூட்டல் கணக்கு, ஆடிட்டர் கையெழுத்தோடு. பேட்ச் எண் போட்ட ஆய்வறிக்கை. சான்றிதழ் நேபாள அரசு அதிகாரம் கொடுத்த அமைப்பிடமிருந்து வந்ததா, முத்திரையும் கையெழுத்தும் இந்தியச் சுங்கத்திடம் உள்ள மாதிரியோடு ஒத்துப்போகுமா என்பதை கிளியரிங் ஏஜென்ட் மூலம் பார்க்கச் சொல்லுங்கள்.

"இதெல்லாம் எதுக்கு, ஊரே வாங்குது, நீங்க மட்டும் ஏன் கேக்குறீங்க" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆலைக்குப் போங்கள். ஒழுங்காகச் செய்பவர்கள் முதல் போனிலேயே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்புவார்கள்.

முடிந்தால் நேரில் போய் வாருங்கள். இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம், ரக்சௌலில் இறங்கினால் எதிரில் பீர்கஞ்ச். வாடை நீக்கும் கோபுரம் ஓடுகிறதா, வெளுப்பு மண் மூட்டைகள் இருக்கின்றனவா, ஆய்வகத்தில் ஆள் இருக்கிறாரா என்று அரை மணி நேரம் நடந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

எண்ணெயின் தரத்தை எப்படிச் சோதிப்பது?

லாரி வந்து நின்றதும் முதலில் சீல் எண்களைக் காகிதத்தோடு ஒப்பிடுங்கள், மேல் மூடிகளிலும் அடி வால்விலும். பிறகு மேலே ஏறி ஒவ்வோர் அறையிலிருந்தும் மேல், நடு, அடி என்று மாதிரி எடுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில்தான் நிற்கும், அதனால் அடி மாதிரியை விடாதீர்கள். மூன்று பாட்டில்களில் ஊற்றி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு சீல் வையுங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று தகராறு வந்தால் ஆய்வகத்துக்கு. டேங்கரில் இதற்கு முன் என்ன ஏற்றினார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கலப்படம் பற்றி ஒரு விஷயம் என் அனுபவத்தில் கற்றது. ஒரு ஜனவரியில் எடுத்த மாதிரி பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அடியில் விரல் கனத்துக்கு வெள்ளைப் படிவு, மேலே பால் கலந்தது போல மங்கல். சுத்தமான ரீஃபைண்ட் சோயா எண்ணெய் அந்தக் குளிரில் கண்ணாடி போல இருக்க வேண்டும், அது பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் மங்கும். பாமாயிலின் திரவப் பகுதியான பாமோலின் 10 டிகிரிக்குப் பக்கத்திலேயே மங்க ஆரம்பித்துவிடும். அந்த லோடோடு வந்த ஆய்வறிக்கையில், எண்ணெயின் வகையை அடையாளம் காட்டும் எண்ணான அயோடின் மதிப்பு அளவுக்குள்தான் இருந்தது. தப்பு எங்கே என்று உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது.

நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியில் சோயா எண்ணெயின் அயோடின் மதிப்பு 120 முதல் 141 வரை இருக்கலாம். பாமோலினுக்கு 57 போல. 130 உள்ள நல்ல சோயாவில் பத்து சதவீதம் பாமோலின் கலந்தால் அது 123 ஆகும். 120க்கு மேலேதான், அறிக்கை 'பாஸ்'! ஆக அயோடின் மதிப்பை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. கொழுப்பமில ஆய்வு கேளுங்கள். கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தரத்தில் சோயாவின் பால்மிட்டிக் அமிலம் 8 முதல் 13.5 சதவீதம், லினோலெனிக் 4.5 முதல் 11 சதவீதம். பால்மிட்டிக் 11 உள்ள சோயாவில் அதே பத்து சதவீதம் பாமோலின் கலந்தால் 14ஐத் தொட்டுவிடும், வரம்பைத் தாண்டி மாட்டிக்கொள்ளும். ஆய்வுக்குச் சில ஆயிரம் செலவாகும், லோடு முப்பது லட்சம்.

அந்த லோடைத் திருப்பி அனுப்பினேன். சீல் வைத்த மூன்றாவது பாட்டில் இருந்ததால் பேச்சு நீளவில்லை.

மற்ற அளவுகள்: சபோனிஃபிகேஷன் மதிப்பு 189 முதல் 195, சபோனிஃபை ஆகாத பொருள் 1.5 சதவீதத்துக்குள், ஹெக்சேன் 5 பி.பி.எம்.முக்குள், டிரான்ஸ் கொழுப்பு 2022 ஜனவரி 1 முதல் 2 சதவீதத்துக்குள், எண்ணெய் கெடாமல் இருக்கப் போடும் டி.பி.எச்.கியூ. சேர்த்திருந்தால் 200 பி.பி.எம்.முக்குள். நிறத்தை லாவிபாண்ட் கருவியில் பார்த்து ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதுங்கள். 'நல்ல நிறம்' என்று எழுதினால் தகராறு வரும்போது எதற்கும் உதவாது.

உணவுப் பாதுகாப்பு அனுமதி எப்படி?

இறக்குமதிக்கான மத்திய உரிமம், ஏற்றுமதி இறக்குமதி குறியீட்டு எண் இரண்டும் முதலில் வேண்டும். எல்லையில் மாதிரி எடுத்து அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், முடிவு வரும்வரை லாரி நிற்கலாம், அதற்கான வாடகை யாருடையது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பாக்கெட் சரக்கு என்றால் லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். இறக்குமதியாகும் நாளில், மொத்த ஆயுளில் 60 சதவீதம் அல்லது காலாவதிக்கு மூன்று மாதம், இரண்டில் எது குறைவோ அதுவாவது மிச்சம் இருக்க வேண்டும்.

டின் வாங்கலாமா, டேங்கர் வாங்கலாமா?

நீங்களே பேக்கிங் செய்பவர் என்றால் டேங்கர். சில்லறைக்கு நேரடியாக விடுபவர் என்றால் டின். டின்னில் ஒரே எச்சரிக்கை: 15 லிட்டரும் 15 கிலோவும் ஒன்றில்லை. அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் சோயா எண்ணெய் சுமார் 910 கிராம். 15 லிட்டர் டின்னில் 13.7 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் எண்ணெய் இருக்கும். விலையை 'டின்னுக்கு' என்று பேசி, கணக்கைக் கிலோவில் போட்டு ஏமாந்தவர்கள் நிறைய. இந்தியாவில் இப்போது பாக்கெட்டில் அளவையும் எடையையும் இரண்டையும் அச்சிட வேண்டும், எந்த வெப்பநிலையில் என்று போடக் கூடாது. நேபாளத்தில் அடித்த லேபிளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

மரபணு மாற்றிய சோயாவிலிருந்து வந்த எண்ணெய்தானே?

அர்ஜென்டினா, பிரேசில் என்றால் பெரும்பாலும் ஆமாம். இந்தியாவில் மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட அனுமதி இல்லை, ஆனால் அதிலிருந்து எடுத்த எண்ணெயை இறக்குமதி செய்ய 2007இல் அனுமதி கொடுத்தார்கள். நேபாளம் வழியாக வந்தாலும் நேராக வந்தாலும் இதில் வித்தியாசம் இல்லை. அது வேண்டாம் என்று நினைக்கும் வாடிக்கையாளர் உங்களுக்கு இருந்தால், மத்தியப் பிரதேசத்து, மகாராஷ்டிரத்துச் சோயாவை ஆட்டிய எண்ணெயை வாங்கிக் கொடுங்கள்.

பணம் எப்படிக் கொடுப்பது?

இந்திய ரூபாயிலேயே கொடுக்கலாம், வங்கி வழியாக மட்டும். முதல் சில லோடுகளுக்கு எல்.சி. போடுங்கள், அதாவது கேட்ட ஆவணங்கள் வந்தால்தான் வங்கி பணம் கொடுக்கும் ஏற்பாடு. எல்.சி.யில் கேட்கும் ஆவணங்களில் மதிப்புக் கூட்டல் கணக்கையும் மூன்றாம் தரப்பு ஆய்வறிக்கையையும் சேர்த்துவிட்டால், அவை வராமல் பணம் போகாது. வாய் வார்த்தையை நம்பிப் பணம் அனுப்புவதெல்லாம் பழகிய பிறகு.

தமிழ்நாட்டுக்குக் கொண்டு வருவது கட்டுபடி ஆகுமா?

மனதில் பட்டதைச் சொல்கிறேன்: ஆகாது. பீர்கஞ்சிலிருந்து சென்னைக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல். மிச்சம் பிடித்த ரூபாயை டீசல் தின்றுவிடும். நமக்குப் பக்கத்தில் காக்கிநாடா, கிருஷ்ணபட்டினம், சென்னை என்று கடற்கரை ஓரத்திலேயே பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. கப்பல் அங்கேயே இறங்குகிறது. நம் வீடுகளில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி, ரேஷன் பாமாயில்தான் ஓடுகிறது. சோயாவை அதிகம் கேட்பவர்கள் ஹோட்டல், பேக்கரி, ஸ்நாக்ஸ் காரர்கள். அவர்களுக்கும் காக்கிநாடா சரக்கே மலிவாக முடியும்.

பீகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கத்தின் வடபகுதி, அசாம் பக்கம் உங்களுக்கு வாடிக்கையாளர் இருந்தால் மட்டும் இந்தத் தொழிலைப் பாருங்கள்.

இணையத்தில் டன் 500 டாலருக்கு ரீஃபைண்ட் சோயா எண்ணெய் தருவதாகச் சொல்கிறார்களே?

2025இல் கச்சா எண்ணெயே 1,000 டாலருக்கு மேல்தான் போய்க்கொண்டிருந்தது. கச்சாவின் பாதி விலைக்கு ரீஃபைண்டை எவரும் தர மாட்டார்கள். பிரேசில், உக்ரைன், தாய்லாந்து என்று நாட்டின் பெயர் மட்டும் மாறும். அழகான ஆய்வறிக்கை, பாஸ்போர்ட் நகல், 'பதிவுக் கட்டணம்' அல்லது 30 சதவீத அட்வான்ஸ் என்று வரும். அனுப்பிய பணம் திரும்பி வராது. ஒரே வரியில் பதில் எழுதுங்கள்: எங்கள் ஆள் ஆலைக்கு நேரில் வந்து மாதிரி எடுப்பார். அதோடு கடிதம் நின்றுவிடும்.

நம் விவசாயிகளுக்கு இது பாதகம் இல்லையா?

பாதகம்தான், மறைக்க ஒன்றுமில்லை. 2024-25க்கு சோயாவின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய், 2025-26க்கு 5,328 ரூபாய். மத்தியப் பிரதேசத்துச் சந்தைகளில் அதற்குக் கீழேயே விலை போனதைப் பார்த்திருக்கிறோம். 2024 செப்டம்பர் வரி உயர்வே அந்த விவசாயிகளை நினைத்துச் செய்தது. வரி இல்லாத எண்ணெய் பக்கத்து வாசலில் வந்து இறங்கும்போது அந்த நோக்கத்தில் ஓட்டை விழுகிறது. பீகார், வங்கத்தில் உள்ள சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் அடி. மறுபக்கம், ஏற்றுமதி செய்ய அதிகம் எதுவும் இல்லாத ஒரு சின்ன நாட்டில் ஆலைகள் ஓடுகின்றன, ஆட்களுக்கு வேலை கிடைக்கிறது. விதிப்படி மதிப்பைக் கூட்டி அனுப்புகிற சரக்கை வாங்குவதில் எனக்கு உறுத்தல் இல்லை. காகிதத்தில் மட்டும் கூட்டிய சரக்கைத் தொட மாட்டேன்.

இந்த வியாபாரம் எத்தனை நாள் ஓடும்? நீண்ட கால ஒப்பந்தம் போடலாமா?

முன்னால் நடந்ததைப் பாருங்கள். 2000களின் தொடக்கத்தில் நேபாளத்திலிருந்து வனஸ்பதி இப்படித்தான் வந்து குவிந்தது. 2002இல் வர்த்தக ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது இந்தியா ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் என்று வரம்பு கட்டியது. அதே காலத்தில் இலங்கையிலும் நடந்தது. 2000 மார்ச்சில் இந்திய இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் தொடங்கியதும், இந்திய முதலீட்டில் அங்கே வனஸ்பதி ஆலைகள் வரிசையாக முளைத்தன. இந்தியா அளவுக்குக் கட்டுப்பாடு போட்டது, பாமாயில் இறக்குமதி வரியையும் குறைத்தது. வரி வித்தியாசம் போனதும் அந்த ஏற்றுமதி படுத்துவிட்டது.

இதே சோயா எண்ணெயும் ஒருமுறை ஏறி இறங்கியிருக்கிறது. 2021-22 வரை நேபாளத்தின் முதலிடப் பொருளாக இருந்தது. பிறகு இந்தியா கச்சா எண்ணெய் வரியை ஏறக்குறைய எடுத்துவிட்டு, ஆண்டுக்கு 20 லட்சம் டன் கச்சா சோயாவை வரியில்லாமலே அனுமதித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏற்றுமதி சரிந்தது. 2024 செப்டம்பரில் வரி ஏறியதும் எழுந்து நின்றது.

இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்: 2026 நவம்பர் 24. மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து நேபாளம் வெளியேற ஐ.நா. குறித்த நாள் அது. பூஜ்ய வரிச் சலுகையும் 30 சதவீதக் கணக்கும் அந்தத் தகுதியை ஒட்டி நிற்பவை.

ஆகவே ஓராண்டு ஒப்பந்தம் கேட்டால் போடாதீர்கள். லோடு லோடாக வாங்குங்கள், அதிகம் போனால் ஒரு மாதத்துக்கு. ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகள் கட்டாயம் இருக்கட்டும்: எல்லையைத் தாண்டும் முன் இந்திய வரியோ சலுகையோ மாறினால் ஆர்டரை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு, பிறப்பிடச் சான்றிதழ் நிராகரிக்கப்பட்டால் வித்தியாச வரியை விற்பவர் தர வேண்டும், அதற்காக லோடு பணத்தில் ஒரு பகுதியை நீங்கள் பிடித்து வைக்கலாம். இரண்டாவது நிபந்தனைக்கு யாரும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்ளும் ஆலையிடம் ஒரு டேங்கர் வாங்கிப் பாருங்கள்.